எச்.ஆர்.டி. தொடங்கியதும் திடீர் ரத்தப்போக்கு: தேதியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைக் கொடுப்பதுதான் எச்.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹார்மோன் சிகிச்சை. அதைத் தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் நேரங்கெட்ட நேரத்தில் ரத்தம் வருவது சகஜம். மருந்தின் வகையையோ அளவையோ மாற்றினால் அதற்கு அடுத்த மூன்று மாதமும் அப்படித்தான். மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காமல், தள்ளிப்போவதும் முந்தி வருவதுமாக இருக்கும் பெரிமெனோபாஸ் காலத்தில் தொடங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். "எல்லாருக்கும் வருவதுதான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில், திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான பெண்களின் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கசிவுக்கு நேரெதிரான காரணங்கள் இருக்கலாம். கருப்பையின் உட்படலம் தடித்துப்போனாலும் ரத்தம் கசியும், மெலிந்துபோனாலும் கசியும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதை மோசமாக்கலாம். ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த முறையில் மருந்து எடுக்கிறீர்கள், அந்த முறையில் எத்தனையாவது நாளில் ரத்தம் வந்தது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் கீழே இருப்பதெல்லாம் தேதியைச் சுற்றியே வரும்.

உடனே போக வேண்டிய நிலைமைகள்

தேதிக் கணக்கெல்லாம் அப்புறம். இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரத்தப்போக்கோடு தலைசுற்றல், மூச்சுவாங்கல், படபடப்பு இருந்தாலும் அப்படியே.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, அல்லது தோள்பட்டை நுனியில் வலி இருந்து, கர்ப்பத்துக்கு வாய்ப்பும் இருந்தால் அன்றே போக வேண்டும். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். "இந்த வயதிலா?" என்று சிரிக்க வேண்டாம். பெரிமெனோபாஸில் கருமுட்டை எப்போதாவது வெளிவரத்தான் செய்யும். எச்.ஆர்.டி.யில் இருக்கும் ஹார்மோன் அதைத் தடுக்காது. அது கருத்தடை மருந்து அல்ல. காரணம் புரியாத ரத்தப்போக்கு எதுவானாலும் வீட்டிலேயே ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

கருப்பை இருந்தும் பல மாதமாக ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துவருகிறீர்கள், புரோஜெஸ்டிரோன் யாரும் தரவில்லை, அல்லது தந்தும் ஒத்துக்கொள்ளாமல் நீங்களே விட்டுவிட்டீர்கள் என்றால் ஆறு மாதம் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. லிஞ்ச் சிண்ட்ரோம், கௌடன் சிண்ட்ரோம் போன்ற பரம்பரைப் புற்றுநோய்க் கோளாறு குடும்பத்தில் இருப்பவர்களும், உடல்நிறை குறியீடு 40-ஐத் தாண்டியவர்களும் காத்திருக்கக் கூடாது. குறியீடு 30-க்கும் 39-க்கும் இடையில், நீரிழிவு, பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்று சிறு காரணங்கள் மூன்று ஒருவரிடமே சேர்ந்தாலும் அதே விதிதான்.

ஏன் வருகிறது?

ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்தி, படலத்தை நிலைப்படுத்தும். புரோஜெஸ்டிரோன் விலகும்போது படலம் உதிர்ந்து ரத்தமாக வெளியேறும். இது மட்டும் புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் கட்டாயம் என்பது அனுபவப்பட்டுக் கற்ற பாடம். ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுகிறது என்று 1975-இல் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. 1990-களில் பெப்பி என்ற ஆய்வில், மூன்று ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு உட்படலத்தில் கவலைப்பட வேண்டிய வகையிலான தடிப்பு வந்தது. கூடவே புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு அது அநேகமாக இல்லை.

பெரிமெனோபாஸில் சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து மருந்து வரும்போது உள்ளே சினைப்பையும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் பொங்கி ஒருநாள் வற்றும் கிணறு இருக்கும் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரும் வந்தது போலத்தான். குழாய் அளவாகத்தான் வருகிறது. கிணறு பொங்கும் நாளில் தொட்டி வழிகிறது. சில மாதங்களில் சினைப்பை இளமைக் காலத்தைவிட அதிகமாகக்கூட ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் உடம்பின் சொந்தப் புரோஜெஸ்டிரோன் சுரக்கவே சுரக்காது. எச்.ஆர்.டி.யே எடுக்காத பெண்களுக்கும் இந்த வயதில் மாதவிடாய் தாறுமாறாக வருவது இதனால்தான். எனவே சிகிச்சை தொடங்கிய பிறகு வரும் ரத்தம் எல்லாம் சிகிச்சையால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறித்து வையுங்கள்

ஒரு நாட்காட்டி போதும், செயலி வேண்டும் என்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் எடுத்த நாள், புரோஜெஸ்டிரோன் எடுத்த நாள், விட்டுப்போன மாத்திரை, தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் மாற்றிய நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். ரத்தத்தை மூன்று வகையாகப் பிரியுங்கள்: துடைத்தால் மட்டும் தெரிவது, சின்ன பேட் போதும் என்ற அளவு, சாதாரண மாதவிடாய் அல்லது அதற்கு மேல். உடலுறவு கொண்ட நாளையும் ஒரு புள்ளியாகப் போட்டுவையுங்கள்; பின்னால் உதவும். இரண்டு மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால் மருத்துவரிடம் பேச்சு சட்டென்று விஷயத்துக்கு வந்துவிடும். "அப்பப்போ வருது டாக்டர்" என்று சொல்பவருக்கும், "புரோஜெஸ்டிரோன் தொடங்கிய ஏழாம் நாள், மூன்று மாதமும்" என்று சொல்பவருக்கும் ஒரே வைத்தியம் கிடைக்காது.

அடுத்து, நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் என்றால் அது சுழற்சி முறை. இரண்டும் தினமும் என்றால் தொடர் முறை. கருப்பைக்குள் பொருத்தும் 'ஹார்மோன் காயில்' என்ற சிறு சாதனம் வைத்திருந்தால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து அதிலிருந்து வருகிறது. பெரிமெனோபாஸில் வழக்கமாகக் கொடுப்பது சுழற்சி முறை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் தொடர் முறை.

சுழற்சி முறை: புரோஜெஸ்டிரோன் முடியும்போது ரத்தம் வருகிறது

பழுது ஏதும் இல்லை. கடைசி மாத்திரைகளின்போதோ, நிறுத்திய சில நாட்களிலோ வருவது இந்த முறையில் எதிர்பார்க்கும் உதிரப்போக்கு. மாதாமாதம் ஏறக்குறைய ஒரே நாளில் வந்து, ஒரு வாரத்துக்குள் நின்றுவிட்டால் அப்படியே விடலாம். மாதவிடாய் ஏற்கெனவே நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்ட பெண்களுக்கு மறுபடி மாதாமாதம் வருவது எரிச்சலாகத்தான் இருக்கும். மருந்து எழுதும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதி பயம் வராது. பலரும் சொல்வதில்லை.

சுழற்சி முறை: புரோஜெஸ்டிரோன் எடுக்கும் நாட்களின் நடுவிலேயே வந்துவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் சொந்தச் சுழற்சியோடு மருந்து ஒத்துப்போகிறதா? உங்களுக்கு இன்னும் ஓரளவு ஒழுங்காக மாதவிடாய் வருகிறது, ஆனால் புரோஜெஸ்டிரோனை மாதத்தின் முதல் தேதியிலிருந்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு ஒரு நாளில் உதிர்க்கப் பார்க்கிறது, மருந்து இன்னொரு நாளில் உதிர்க்கப் பார்க்கிறது. மாதத்தில் இரண்டு தடவை ரத்தம் என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். மாதவிடாய் வந்த முதல் நாளை ஒன்று என்று வைத்து, 15-ஆம் நாள் புரோஜெஸ்டிரோனைத் தொடங்கும்படி மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டால் பலருக்கு இது மட்டுமே போதுமாகிவிடுகிறது. அளவு கூட்ட வேண்டாம், மருந்து மாற்ற வேண்டாம். பெட்டியில் ஒட்டிய தாளில் "மாதத்தின் முதல் 12 நாள்" என்று எழுதியிருந்தால் அது நினைவில் நிற்க வசதியாக எழுதியது. அந்தத் தேதிக்கு வேறு மகிமை கிடையாது.

மாத்திரை விட்டுப்போகிறதா? புரோஜெஸ்டிரோன் தூக்கம் வரவைக்கும். அதனால் இரவில் படுக்கும்போது எடுக்கச் சொல்வார்கள். அசந்து தூங்கிவிட்டு மறந்துபோவதும் அதனால்தான் அதிகம். ஓரிரு நாள் விட்டாலே, இரண்டு மூன்று நாளில் ரத்தம் எட்டிப் பார்க்கும். நாட்காட்டியில் இது பளிச்சென்று தெரியும்.

அளவு போதவில்லையா? மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் (உடம்பில் சுரப்பதை ஒத்த வகை) என்றால் சுழற்சி முறையில் வழக்கமான அளவு இரவில் 200 மில்லிகிராம். ஈஸ்ட்ரோஜனைக் கூட்டிக்கொண்டே போய், புரோஜெஸ்டிரோனை அதே அளவில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 100 மைக்ரோகிராம் பேட்ச் போன்ற உயர்ந்த அளவு ஈஸ்ட்ரோஜனுக்கு 300 மில்லிகிராம் தேவைப்படலாம் என்று பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டியின் வழிகாட்டுதல் சொல்கிறது. உடம்பு திடீரென்று தகிக்கும் வெப்ப அலைக்கு ஒருவர், ரத்தப்போக்குக்கு இன்னொருவர் என்று இரண்டு மருத்துவர்களிடம் போகும் பெண்களுக்கு இந்த இடைவெளி எளிதில் விழும். இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

நாள் போதவில்லையா? பத்து நாள் எடுப்பவருக்கு 12 அல்லது 14 ஆக்கிப் பார்ப்பார்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் நடுவில் வந்துகொண்டே இருந்தால் மருந்தின் வகையை மாற்றுவது அடுத்த படி. ரத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் நோரெதிஸ்டிரோன், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கை வகைகளுக்குப் பிடிமானம் அதிகம். மைக்ரோனைஸ்டு வகை உடம்புக்கு மென்மையானது, ஆனால் இந்த ஒரு வேலையில் சற்றுத் தளர்ச்சி. எது முக்கியம் என்று ஒவ்வொருவரும் தங்கள் மனநிலை, மார்பு வலி, ரத்தம் உறையும் அபாயம் எல்லாவற்றையும் வைத்து மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

சுழற்சி முறை: ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுக்கும் நாட்களில் சொட்டுகிறது

ஓரிரு நாள் லேசாகத் தெரிந்து நின்றுவிட்டால் சினைப்பையின் சொந்த ஆட்டம் காரணமாக இருக்கலாம். தோலில் தடவும் ஜெல், பேட்ச் எடுப்பவர்கள் மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பேட்ச்சுகளை வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும். ஓரம் கிளம்பி, பாதி ஒட்டியபடி இரண்டு நாள் ஓட்டினால் ஈஸ்ட்ரோஜன் அளவு விழும், படலம் கசியும். வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு இது தீராத தலைவலி. எண்ணெய், கிரீம் பூசிய இடத்தில் ஒட்டவே கூடாது. ஜெல் தடவியதும் காயவிட்டு, ஒரு மணி நேரமாவது அந்த இடத்தைக் கழுவாமல் இருங்கள்.

ஆனால் மாதத்தின் எந்த நாளில் வேண்டுமானாலும், மருந்துக்கும் தேதிக்கும் சம்பந்தமே இல்லாமல் சொட்டினால் மருந்தைவிட்டு உறுப்பைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கருப்பைக்குள் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி, கருப்பை வாயில் பாலிப், உட்படலத்தை ஒட்டிய நார்க்கட்டி எல்லாம் இந்த வயதில் சாதாரணமாக இருப்பவை. எச்.ஆர்.டி. தொடங்கும் முன்பே இருந்திருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் கிடைத்ததும் வெளியே காட்டிக்கொள்கின்றன.

அளவுக்கு மீறிப் போகிறது, கட்டி கட்டியாக வருகிறது

நாள் சரிதான், அளவுதான் அதிகம் என்றால் கணக்கு வேறு. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்து படலம் அதிகம் வளர்ந்திருக்கலாம். நார்க்கட்டியோ, உட்படலம் கருப்பைத் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸோ உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பழைய பகையைக் கிளப்பிவிடும். தைராய்டு குறைபாடு, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள் இவையும் காரணமாகலாம்.

ஈஸ்ட்ரோஜனை எப்போதும் வேண்டிய குறைந்தபட்ச அளவில் தொடங்கி, பொறுமையாகக் கூட்டுவதுதான் நல்லது. வெப்ப அலை நிற்கவில்லை என்று நான்கு வாரத்துக்குள் இரண்டு படி கூட்டியவர்களுக்கு ரத்தப்போக்கு பரிசாக வரும்.

அதிக ரத்தம் போகும் நாட்களில் மட்டும் டிரானெக்ஸாமிக் அமிலம் அல்லது மெஃபனமிக் அமிலம் எழுதித் தருவார்கள். முன்பு கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து கட்டியவர்கள் டிரானெக்ஸாமிக் அமிலம் எடுக்கக் கூடாது என்பதால், வீட்டில் வேறு யாருக்கோ எழுதியதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். கூடவே ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் இன்னும் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு தரைதட்டியிருக்கலாம். அந்தக் களைப்பையும் முடி உதிர்வையும் மெனோபாஸ் கணக்கில் எழுதிவிட்டு, ஈஸ்ட்ரோஜனை மேலும் கூட்டி, ரத்தம் மேலும் போகும் விஷ வட்டம் ஒன்று இருக்கிறது.

சுழற்சி முறை: வர வேண்டிய நாளில் வரவே இல்லை

கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். இல்லை என்று ஆகி, புரோஜெஸ்டிரோனை முழு நாளும் முழு அளவும் எடுத்திருந்தால் கவலை வேண்டாம். உதிர்க்கும் அளவுக்குப் படலம் வளரவில்லை, அவ்வளவுதான். ரத்தம் வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்பது வெறும் பயம்.

தொடர் முறை: தினமும் இரண்டும் எடுக்கிறேன், வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கிறது

முதலில், தொடர் முறைக்கு வர வேண்டிய காலத்தில்தான் வந்தீர்களா? கடைசி மாதவிடாய் எட்டு மாதம் முன்பு வந்திருந்தால், சினைப்பை இன்னும் ஓய்வு பெறவில்லை என்று அர்த்தம். தினசரிப் புரோஜெஸ்டிரோன் ஒருபக்கம் படலத்தை அடக்க, சினைப்பை எப்போதாவது ஈஸ்ட்ரோஜனை அள்ளிவிட, ரத்தம் ஒழுங்கில்லாமல் வரும். மாதாமாதம் ரத்தம் வருவது பிடிக்காமல் "தினசரி முறையே கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியவர்கள், மாதத்தில் ஐந்து நாளுக்குப் பதில் இருபது நாள் பேட் வைக்க வேண்டிவரும் நிலைமை இதுதான். சுழற்சி முறைக்குத் திரும்பிச் சில காலம் ஓட்டுவது பின்னடைவு கிடையாது. அதற்காகச் சுழற்சி முறையிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடவும் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேல் போனால் கருப்பைப் புற்றுநோய் அபாயம் சற்றே கூடுகிறது. 54 வயதை ஒட்டித் தொடர் முறைக்கு மாற்றிவிடுவது வழக்கம்.

சரியான காலத்தில் தொடங்கியவர்களுக்கும் முதல் சில மாதம் சொட்டும். படலம் மெலிந்து அடங்க நேரம் எடுக்கும். இங்கே வழக்கமான மைக்ரோனைஸ்டு அளவு இரவில் 100 மில்லிகிராம். ஈஸ்ட்ரோஜன் உயர்ந்த அளவில் இருந்தால் 200 தேவைப்படலாம். ஆனால் மெலிந்த படலமும் கசியும் என்று மேலே சொன்னது இந்த முறையில்தான் அதிகம் பொருந்தும். புரோஜெஸ்டிரோன் தூக்கலாகவும் ஈஸ்ட்ரோஜன் குறைவாகவும் இருந்தால், படலத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலமிழந்து அங்கங்கே கசியும். அப்படிப்பட்டவருக்குப் புரோஜெஸ்டிரோனை இன்னும் கூட்டினால் கசிவு கூடத்தான் செய்யும். தடிப்பா மெலிவா என்று ஸ்கேன் பார்க்காமல் இங்கே ஊகத்தில் அளவை ஏற்றி இறக்குவது இருட்டில் துழாவுவதுதான்.

தொடர் முறை: பல மாதம் ஒன்றும் இல்லாமல் இருந்து மறுபடி வந்தது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மருந்து மாறவில்லை, விட்டுப்போகவில்லை, வாந்தி வயிற்றுப்போக்கு இல்லை என்றால் ஸ்கேன் வேண்டும். பெரும்பாலும் பாலிப், அல்லது வறண்ட படலம் என்று முடியும். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு என்று வரும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் மாதவிடாய் நின்றபின் கருப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தப்போக்குதான் முதல் அறிகுறி. இரண்டையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும்.

ஹார்மோன் காயில் வைத்திருக்கிறேன், சொட்டுகிறது

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்து 52 மில்லிகிராம் உள்ள காயிலை வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதம் இப்படி இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதில் இதற்கு நிகர் வேறு இல்லை. பெரிமெனோபாஸில் கருத்தடையும் இதிலேயே சேர்ந்துகொள்கிறது. என்னைக் கேட்டால், அதிக ரத்தப்போக்கோடு பெரிமெனோபாஸுக்குள் நுழையும் பெண்ணுக்கு முதலில் பேச வேண்டிய வழியே இதுதான். கடைசியாகப் பேசுவதுதான் நடக்கிறது.

அமைதியாக இருந்த காயில் திடீரென்று கசியத் தொடங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். காயில் இடத்தில் இருக்கிறதா? எப்போது வைத்தது? கருத்தடைக்கு அது அதிக வருடம் செல்லும் என்று சொல்லியிருக்கலாம். எச்.ஆர்.டி.க்குக் கருப்பைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும்போது ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். சிறிய அளவு காயில்களும் காப்பர் டி-யும் இந்தப் பாதுகாப்பைத் தராது.

உடலுறவுக்குப் பின்தான் வருகிறது

நாட்காட்டியில் போட்ட அந்தப் புள்ளிகள் இங்கே உதவும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பின் தோல் வறண்டு மெலிந்தவர்களுக்கு உரசினாலே கசியும். ஜெல்லோ பேட்சோ எடுத்தும் அந்த இடத்துக்குப் போதாமல் இருப்பதுண்டு. உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் அல்லது மாத்திரையைக் கூடுதலாகத் தருவார்கள். அதற்கென்று தனியாகப் புரோஜெஸ்டிரோன் தேவையில்லை. ஆனால் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்து, தொற்று, பாலிப், கருப்பை வாய்ப் புற்றுநோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின்தான் வறட்சி என்று முடிவுகட்ட வேண்டும்.

துடைக்கும்போது மட்டும் தெரிகிறது, எங்கிருந்து என்றே புரியவில்லை என்றால், சிறுநீரோடா மலத்தோடா என்று கவனியுங்கள். மூலமோ சிறுநீர்த் தொற்றோ எச்.ஆர்.டி. மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளும்.

வேறு மருந்து சேர்ந்ததும் தொடங்கியது

வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், ஃபெனிடோயின், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், மனச்சோர்வுக்கு மூலிகை என்று விற்கும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் இவையெல்லாம் கல்லீரல் ஹார்மோனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். எச்.ஆர்.டி. அளவு சரியாக இருந்தும் உடம்பில் நிற்காது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு உட்படலம் தடிப்பது தனிக் கதை. அவர்கள் மார்பகப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எச்.ஆர்.டி. பக்கமே போகக் கூடாது. இயற்கைப் புரோஜெஸ்டிரோன் என்று கடையில் விற்கும் தோல் கிரீம்கள் கருப்பையைக் காக்கப் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை நம்பி மாத்திரையை விட்டவர்கள், மேலே உடனே போக வேண்டியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

நீங்களாகச் செய்யக் கூடாதது

ரத்தம் வருகிறது என்று பயந்து புரோஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தூக்கக் கலக்கம், வயிறு உப்பல், எரிச்சல் எல்லாம் அதனால்தான் வருகிறது என்று தோன்றும். அதை விட்டால் நிம்மதி என்றும் தோன்றும். அப்படி விட்டால் கருப்பைக்கு இருந்த ஒரே காவலும் போய்விட்டது. சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுத்தால் இரண்டையும் சேர்த்து நிறுத்துங்கள். நிறுத்திய சில நாட்களில் ஒருமுறை ரத்தம் வரலாம், அது எதிர்பார்த்ததுதான். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதே மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனைப் பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொல்வதும் உண்டு. அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை

தொடங்கி ஆறு மாதம், அல்லது கடைசியாக மாற்றி மூன்று மாதம் ஆகியும் ஒழுங்கில்லாமல் வந்தால், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே ரத்தம் மிக அதிகம், அல்லது விடாமல் போகிறது என்றாலும் எடுக்கலாம். சுழற்சி முறையில் இருப்பவர்கள் மாத உதிரப்போக்கு முடிந்த கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். படலம் அப்போதுதான் மிக மெலிதாக இருக்கும். புரோஜெஸ்டிரோன் தொடங்கும் முன்தினம் எடுத்தால், வளர்ந்த படலத்தைப் பார்த்துவிட்டு அறிக்கையில் தடிப்பு என்று எழுதிவிடுவார்கள். தேவையில்லாமல் பயாப்சி வரை போகும்.

அறிக்கையில் எண்டோமெட்ரியம் என்று போட்டு மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். தொடர் முறையில் 4 மில்லிமீட்டர் வரை, சுழற்சி முறையில் 7 மில்லிமீட்டர் வரை என்றால் பொதுவாக ஆறுதல் தரும் எண்கள். அந்த நிலையில் மருந்தைச் சரிசெய்து மறுபடி பார்ப்பார்கள். நீங்கள் எந்த முறையில் எச்.ஆர்.டி. எடுக்கிறீர்கள் என்று ஸ்கேன் எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னால், சுழற்சி முறையின் 6 மில்லிமீட்டரை 4-ஓடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் கோடு போட்டுவிட வாய்ப்பு உண்டு.

அந்த அளவைத் தாண்டினால் உட்படலத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். மயக்க மருந்து இல்லாமலே செய்யலாம். சில நிமிடம் நல்ல வலி இருக்கும், முன்கூட்டியே வலி மாத்திரை கேளுங்கள். பாப் ஸ்மியர் சமீபத்தில்தான் எடுத்தேன், சரியாக இருந்தது என்பதை இதற்குப் பதிலாகக் கொள்ள முடியாது. அது கருப்பை வாய்க்கான பரிசோதனை, கருப்பைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. குழாய் வழியாக எடுக்கும் திசு ஒரு பகுதியிலிருந்துதான் வரும், ஓரமாகத் தொங்கும் பாலிப்பைத் தொடாமலே வந்துவிடலாம். ஆகவே பயாப்சி சரி என்று வந்தும் ரத்தம் நிற்காவிட்டால், கேமரா விட்டு நேராகப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோபி தேவையா என்று நீங்களே கேளுங்கள். பாலிப் என்றால் பல நேரம் அந்த ஒரே தடவையிலேயே எடுத்துவிடுவார்கள்.